பத்து யோகட் கப்பும் ஒரு நெல் தராசும்

என் கணவர் கட்டாரிலிருந்து லீவில் வரும்போது சென்ட் போத்தலும் போர்வையும் கொண்டு வருவார் என்றுதான் வீட்டில் பார்த்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் சில்லு பூட்டிய ஸ்கேட் பலகைகள் இரண்டு இருந்தன. ஒன்று அவருக்கு, மற்றது எனக்கு. உம்மா என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம்.

அங்கே கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பழக்கிவிட்டாராம். கூம்புகளை வரிசையாக வைத்து, ஒன்றின் வலப்பக்கம், அடுத்ததன் இடப்பக்கம் என்று பலகையில் நின்றபடி நெளிந்து போக வேண்டும். தட்டாமல் விரைவாக முடிப்பவருக்குத்தான் வெற்றி. மலைநாடு என்றால் இறக்கத்தில் பலகை தானே ஓடும். எங்கள் கடற்கரை ஊரில் இறக்கத்துக்கு எங்கே போவது? தட்டைத் தரையில் இடுப்பை வளைத்து வளைத்துத்தான் வேகம் எடுக்க வேண்டும். கல்முனைக்குடி ரோட்டில் நான் அப்படிச் செய்தால் ஊர் என்ன கதைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வேளை, வாப்பா நெல் வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சீமெந்துக் களம், சுற்றிவர ஆளுயர மதில். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் களம் வெறுமையாகக் கிடந்தது.

கூம்புக்குப் பதிலாகப் பத்து யோகட் கப்புகளைக் கவிழ்த்து வைத்தோம். கடல் காற்றுக்குப் பறந்துவிடாமல் உள்ளே களிமண் அப்பினோம். அவருடைய லீவு நாற்பது நாள். அதற்குள் ஒரு தடவையாவது, அவர் கண் முன்னால், பத்துக் கப்பையும் தட்டாமல் போய்விட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வருடத்தில் பெரும்பகுதி போனில் மட்டும் பார்க்கும் மனிதர். அவரோடு சேர்ந்து செய்து முடித்த காரியம் ஒன்றாவது எனக்கு மிஞ்ச வேண்டும் என்றிருந்தது.

பலகையின் அடியில் சில்லுகளைப் பிடித்திருக்கும் அச்சுக்கு ட்ரக் என்று பெயர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. சாதாரணப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஓட்டத்துக்கு அது சரிவராது. முன் ட்ரக் சொன்னவுடன் திரும்ப வேண்டும். பின் ட்ரக் பிடிவாதமாக நின்று தள்ளிக்கொடுக்க வேண்டும். அதனால் இரண்டையும் வேறு வேறாகத் தேடி வாங்கியிருந்தார். "முன்னுக்கு இரிக்கிறது நான், பின்னுக்கு இரிக்கிறது நீ" என்று விளக்கம் வேறு சொன்னார். பிடிவாதம் எனக்காம்!

ஒவ்வொரு ட்ரக்கிலும் ரப்பர் மாதிரி புஷ் இருக்கும். பலகை எவ்வளவு சாயும், எப்படி நிமிரும் என்பதெல்லாம் அதன் கையில். ஏறி நிற்பவரின் எடையைப் பார்த்துத்தான் மென்மையானதா கடினமானதா என்று தெரிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் போனில் என் எடையைக் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். கலியாணத்தின்போது அது உண்மை.

முதல் வாரம் மூன்றாவது கப்பைத் தாண்டவில்லை. பலகை சாய்ந்தால் சாய்ந்தபடியே கிடந்தது. பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் அவர் ஸ்பேனரோடு குந்திவிடுவார். நட்டை இறுக்கினார், மென்மையான புஷ் பிதுங்கியதே தவிர வேறு பயனில்லை. பின் ட்ரக்கின் அடியில் ஆப்பு வைத்து அதன் திருப்பத்தைக் குறைத்தார். ஐந்தாவது கப் வரை போய் விழுந்தேன். நான் காற்றை ஏசினேன், களத்தை ஏசினேன், அவரையும் ஏசினேன். காரணம் எனக்குத் தெரியாமலா இருந்தது? வாய் திறக்க வெட்கம்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது களத்தின் மூலையில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிழையான சாமான வாங்கித் தந்திட்டன் புள்ள. ஆசையா வாங்கின ஒண்டு, அதுவும் சரி வரல்ல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எழும்புங்க" என்றேன். தராசில் ஏறி நின்று முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டேன். "இப்ப பாருங்க."

அறுபத்தொன்பது. அவர் மெதுவாக, "இந்தத் தராசு கூட்டிக் காட்டுது போல" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அது வாப்பாவின் தராசு. அதை நம்பித்தான் அட்டாளைச்சேனையிலிருந்துகூட ஆட்கள் நெல் கொண்டு வருகிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாப்பாட தராசு ஒரு கிராமும் கூட்டிக் காட்டாது! நான்தான் பொய் சொன்னன்!"

மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் தன் பலகையைக் கவிழ்த்து, அதிலிருந்த கடினமான புஷ்களைக் கழற்றி என்னுடையதில் பூட்டினார். நட்டைப் பாதி இறுக்கத்தில் விட்டார். ஏறிச் சாய்ந்தேன், பலகை தானாக நிமிர்ந்து என்னை அடுத்த பக்கம் அனுப்பியது. அன்று ஏழு கப். மறுநாள் மாலை பத்தும். கடைசிக் கப் ஆடியது, ஆனால் விழவில்லை. படம் எடுக்கப் போனைத் தூக்கியவர் பொத்தானை அமத்த மறந்து கை தட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் போய்விட்டார். மறுவாரம் களம் முழுக்க நெல். அவருடைய பலகை புஷ் இல்லாமல் அறைச் சுவரில் தொங்குகிறது. கை பட்டால் ட்ரக் கடகடவென்று ஆடும். தூசு தட்டும் சாட்டில் நான் அடிக்கடி கை வைப்பேன்.

மூன்று மாதம் கழித்துப் போனில், தன் பலகைக்குப் புதுப் புஷ் வாங்கப் போவதாகச் சொன்னார்.

"உனக்கும் வாங்கவா? இப்ப எத்தின கிலோ?"

"அறுபத்திமூண்டு. அல்லாஹ்வுக்காக, பொய் இல்ல. தராசில ஏறிப் பாத்தன்."

பெருமையாகத்தான் சொன்னேன். அவரோ, "சாப்பாடு இறங்குதில்லையா புள்ள?" என்று கேட்டார்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டேன்.

"புஷ்ஷ மாத்த வேணாம்" என்றார். "நான் வந்தா உன்ட கிலோவும் சரியாகிடும்."