சொல்லாமல் ஆடிய நாற்பது நிமிடம்

குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த மாஸ்டரின் தம்பி மூச்சிரைக்க வந்து நின்றார். போட்டி நடந்த மண்டபத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். "அண்ணன அனுப்பி வைங்க சார். அப்பாவுக்கு ஜாஸ்தியாய்டுச்சி, வேலூருக்கு எடுத்துனு போறோம். வண்டி கேட்டாண்ட நிக்குது" என்றார். சொல்கிறேன் என்று நான் தலையாட்டியதும் நம்பித் திரும்பி ஓடினார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்காரர்களுக்குள் நடந்த சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. நான் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கெழுதுபவன். என் எதிராளி வேறொரு தொழிற்சாலையில் தோலுக்குச் சாயமேற்றும் பிரிவின் மாஸ்டர். நகக்கண்ணில் எப்போதும் நீலம் ஒட்டியிருக்கும். ஆறு வருடங்களில் அவரை ஒருமுறைகூட நான் வென்றதில்லை. அன்று வெள்ளைக் காய்கள் எனக்கு. ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கி, பக்கத்துச் சிப்பாயை வெட்டக் கொடுத்தேன். வெட்டியவர் அந்த லாபத்தை விடாமல் காக்கப் பார்த்தார். அதில் அவருடைய யானை மூலையிலேயே முடங்கிப்போயிற்று.

குழாயடியிலிருந்து திரும்பி உட்கார்ந்தேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நகர்த்தல்தான், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு ஆறாயிற்று. நாற்பது நிமிடம் கழித்து அவர் தன் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை கொடுத்தார். அந்தக் கையை விடாமலேயே, இப்போதுதான் ஆள் வந்து சொன்னதாகப் பொய் சொன்னேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். வண்டி பத்து நிமிடம் காத்திருந்து கிளம்பியதாகவும், பெரியவர் பெரிய மகனைக் கேட்டுக்கொண்டே பள்ளிகொண்டா அருகே அடங்கிவிட்டதாகவும் மறுநாள் கேள்விப்பட்டேன். கோப்பையை வாங்கிக்கொள்ள நான் போகவில்லை. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பத்து வருடங்களுக்குப் பிறகு வேலூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. நலம் விசாரித்தார். பேச்சினிடையே என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஜன்னல் வழியா தம்பியப் பாத்தேன் சார்" என்றார். "அவன் அப்படி ஓடிவர்றவன் இல்ல. எதுக்குனு எனக்குத் தெரியும். நீங்க வந்து சொன்னா எழுந்துக்கலாம்னு இருந்தேன். நீங்க சொல்லல. நானும் கேக்கல."

ஆம்பூர் பேருந்து வந்து நின்றது. நாங்கள் இருவருமே ஏறவில்லை.