நினைவு நாளுக்கு என்ன பாட்டு?

துக்க வீட்டுல அழ அனுமதி இல்லாத ஒரே ஆள் லைவ் எடுக்கிறவன்தான். அழுதா கேமரா ஆடும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில அடக்கம், பதினாறு, ஆண்டு நினைவு ஜெபம்னு எல்லாத்தையும் வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு லைவா காட்டுறது எனக்க தொழில். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, சாப்பிட வான்னு கூப்பிட ஆளில்லாம பந்தலுக்க மூலையில நிக்கிற சகோதரங்களே, நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

வாயசைச்ச போதகர்

காரோட்டுல ஒரு மீன்பிடிக்காரருக்கு முதலாண்டு நினைவு ஜெபம். மூத்த மவன் துபாயில. போட்டோக்களை ஓட விடும்போது அப்பாவுக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டைப் பின்னால போடணும்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. போட்டேன். லைவ் போற ஆப்புல ஒரு மெஷின் உண்டு. சினிமாப் பாட்டு அதுக்க காதுல விழுந்தா போதும், உனக்கு உரிமை இல்லைன்னு சத்தத்தை அறுத்து விட்டுரும். அன்னைக்கு பாட்டோட நிக்கல்ல, பின்னால வந்த போதகருக்க பிரசங்கத்தையும் சேத்து முழுங்கிப் போட்டுது. மறுநாள் துபாயிலேருந்து போன் வந்தது: “அண்ணா, போதகர் வாயசைச்சதைக் கடைசி வரைக்கும் பாத்தேன். நல்ல பிரசங்கம்போலத் தெரிஞ்சுது.”

எனக்க பிரசங்கம்

அதுக்குப் பிறகு, சினிமாப் பாட்டு போடமாட்டேன்னு சட்டம் வச்சேன். மெஷினுக்குப் பயந்துதான்னு சொல்ல வெக்கம். அதனால, “துக்கத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”ன்னு பெரிய மனுசன் கணக்கா பேசத் தொடங்கினேன். பேசிப் பேசி நானே அதை நம்பிட்டேன்.

கோட்டுகால்ல ஒரு பஸ் டிரைவருக்கு பதினாறாம் நாள். அவருக்க படத்துக்கு முன்னால ஒரு குட்டி ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டா ஓடிக்கிட்டிருந்துது. எனக்க பிரசங்கத்தைச் சொல்லிக்கிட்டே போய் ஸ்விட்சைத் தேடினேன். தரையில இருந்த அவருக்க பெஞ்சாதி கையை நீட்டித் தடுத்தா. “இருந்த காலம் முழுக்க அதை நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துனது நான்தான். இன்னைக்கு நிறுத்தாதீங்க மக்கா.”

ஞானஸ்நானம்

எங்க சபைக் கமிட்டியில ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் உண்டு. நினைவு ஜெபத்துல சினிமாவுக்க வாடையே அடிக்கக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிற மனுசன். காரக்கோணத்துல ஒரு வீட்டு ஜெபத்துக்கு அவரே ஒரு பக்திப் பாட்டைக் கொண்டு தந்து, “இதைப் போடு, இதாக்கும் பாட்டு”ன்னாரு. கேட்டுப் பாத்தா, வார்த்தையெல்லாம் வேதத்துல உள்ளது, ராகம் அப்படியே பழைய சினிமாவுல உள்ளது. அவருக்க காதுல மெதுவா சொன்னேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே பதில் சொன்னாரு: “ராகம் எப்பவோ ஞானஸ்நானம் எடுத்தாச்சு. நீ போடுலே.”

லில்லிபாய் பாடினது

போன வருசம் எனக்க வீட்டுக்காரி லில்லிபாய் போயிட்டா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, “இன்னைக்கு என்ன பாட்டு போட்டாங்க?”ன்னு கேப்பா. இப்ப கேக்க ஆளில்ல. ஹெட்போனைக் கழட்டுனா வீடும் அப்படித்தான் இருக்கு, ஒரு சத்தமில்ல.

மவ ஜெபா அயர்லாந்துல நர்சு. அடக்கத்துக்கு வந்துட்டுப் போனவளுக்கு முதலாண்டுக்கு லீவு கிடைக்கல்ல. “போட்டோ மட்டும் போடாதீங்க அப்பா. எனக்கு அம்மைக்க சத்தம் கேக்கணும்”னா. அப்பதான் உறைச்சுது. ஊரையெல்லாம் எடுத்தவன் கெட்டின பெண்ணை உக்கார வச்சு ஒரு நாள் எடுக்கல்லியே! பழைய டிஸ்க்கையெல்லாம் தோண்டினதுல ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது. புது மைக் வாங்கினப்ப, வேலை செய்யுதான்னு பாக்க அடுக்களையில எடுத்த வீடியோ. மரச்சீனிக் கிழங்கு தொலிச்சுக்கிட்டே, ரேடியோவுல ஓடுற சினிமாப் பாட்டுக்குக் கூடப் பாடுறா. ரேடியோவை அறுத்தா அவளுக்க சத்தமும் போவுது. நாலு நாள் இருந்து பாத்தேன், பிரிக்க முடியல்ல.

மவளுக்கு முன்னமே அனுப்பியிருக்கலாம். ஆனா அதைத் தனியா இருந்து கேக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கல்ல. எல்லாரும் கூட இருக்கும்போது கேக்கட்டும்னு வச்சேன். ரேடியோ சத்தம் கொஞ்சம்தானே, மெஷினுக்கு எட்டாதுன்னு ஒரு நப்பாசை.

ஜெபத்தன்னைக்கு ஹெட்மாஸ்டர் முன்வரிசையில இருக்காரு. வாறது வரட்டும்னு போட்டேன். லில்லிபாய் பாடினா. அடுத்த நிமிசமே மவ போன்ல கூப்பிட்டா: “அப்பா, அம்மைக்க வாய் அசையுது. சத்தம் கேக்கல்ல.”

கேமராவைப் பிடிச்சுக்கிட்டே அழுதேன். கேமரா ஆடத்தான் செய்தது, ஆடட்டும்னு விட்டேன். ஹெட்மாஸ்டர் எழும்பி வந்து, எனக்க கையில இருந்த போனை வாங்கி ஸ்பீக்கருக்கு நேரா நீட்டிப் பிடிச்சாரு. “முதல்லேருந்து போடுலே. பிள்ளை கேக்கட்டும்.”

போட்டேன். அவரு கை வலிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பாட்டு முடிஞ்சுது. மவ மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா: “அம்மைக்கு இப்பவும் சுதி சேரல்ல அப்பா. இன்னொரு தடவை போடுங்க.”

நினைவு நாளுக்கு சினிமாப் பாட்டு ஆவுமான்னு இப்ப யாராவது கேட்டா, போனவங்களுக்கு ஆவும், இருக்கிறவங்களுக்கும் ஆவும், ஹெட்மாஸ்டருக்கே ஆவும், மெஷினுக்குத்தான் ஆவாதுன்னு சொல்லிட்டு ஹெட்போனை மாட்டிக்கிடுறேன்.