எங்கள் வீட்டுத் தோல்

எனக்கு முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் வறண்டு மீன்செதில் மாதிரி வெடித்திருக்கும். அம்மாவுக்கும் லேசாக உண்டு, சேலை மறைத்துவிடும். அம்மாவின் தம்பியான என் தாய்மாமாவுக்குக் கை, கால் எல்லாம் அதுதான். பரம்பரையாக வருவது, யாருக்கும் ஒட்டாது, தேங்காயெண்ணெய் தடவுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா வழியில் ஒரு சென்ட் நிலம்கூட வரவில்லை, இது மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. அக்கா ஒருத்திதான் தப்பித்தவள்.

அக்காவுக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாமா அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸில் தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத புது முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பை. அம்மா அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவளக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்லே. அவுக போன பொறவு ரெண்டு பேரும் வந்தாப் போதும்."

மாமா கீழே வைத்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்புறம், "வா ட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல சீசன், சாரல் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச்சேலையில் வேர்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பழிப்புக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

"அருவிக்கு யாராவது புதுச்சட்டை போடுவாவளா மாமா?"

"நனைஞ்சா காஞ்சிட்டுப் போவுது."

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் மாமா வர முடியாது. வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம், "பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க அக்கா" என்று ஒப்படைத்தார். அந்த அம்மா தங்கமானவள். தண்ணீர் அடித்த அடியில்கூட என் கையை விடவில்லை. துவட்டிவிடும்போதுதான் என் காலைப் பார்த்தாள்.

"இது என்னட்டி மக்கா?"

"எங்க வீட்டுத் தோலு. எங்க மாமாவுக்கும் இருக்கு. ஒட்டாது" என்று டாக்டர் மாதிரியே சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இன்றைக்கு எங்கள் அக்காவைப் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வருகிறார்கள் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா துண்டைப் பிழிந்தாள், உதறினாள், மறுபடி பிழிந்தாள்.

"தாய்மாமன் இன்னிக்கு வீட்டுல இருக்க வேண்டாமா?"

"எனக்குத் துணைக்குல்லா வந்திருக்காவ!"

சீசன் நேரத்தில் எங்கள் பக்கம் வருகிற எவரும் குற்றாலத்தில் தலையை நனைக்காமல் போகமாட்டார்கள். இது தெரிந்தும் அம்மா எங்களை அங்கே அனுப்பியதை என்னவென்று சொல்ல! மத்தியானம் எங்கள் வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, "தாய்மாமனக் காணுமே?" என்று அந்த அம்மா கேட்டாளாம். மாப்பிள்ளையின் அம்மா அவள்தான். "மெட்ராஸ்ல வேலை, லீவு கெடைக்கல" என்று எங்கள் அம்மா சொல்ல, "அப்ப காலைல எங்கிட்ட பிள்ளைய ஒப்படைச்சது யாரு?" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டாளாம்.

வரன் நின்றுபோனது. தோலுக்காக இல்லை, ஆளையே ஒளித்துவைத்ததற்காக என்று தரகர் வந்து சொன்னார். அம்மா நம்பவில்லை. எனக்கும் இன்றுவரை நிச்சயமில்லை. அடுத்த வரன் வந்தபோது, மாமா முன்னால் உட்கார்ந்தால்தான் காபித்தட்டைத் தொடுவேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியே நடந்து, கல்யாணமும் ஆனது.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அருவிக்கரையில் மாமா தன் பையைத் திறந்து ஆப்பிளை எல்லாம் எனக்கே கொடுத்தார். அடியில் வாழையிலையில் சுற்றியிருந்த பிச்சிப்பூவை, ஒரு முழுப் பந்து, என் ஈரத்தலையில் வைத்துவிட்டார். தென்காசிக்கு வந்ததும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலோடு போய்விட்டார்.

உள்ளே நுழைந்ததுமே அம்மா, "ஓட்டவாய்ச் சிறுக்கி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா அழவில்லை. என் தலையிலிருந்த பூவைப் பார்த்த பிறகுதான் அழுதாள். பூவுக்காகவா இப்படி அழுகிறாள் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன்.

"மாமா எனக்குன்னு வாங்கினது. பரவால்ல, நீயும் வச்சிக்கோ."