ஆள் பழக்கம்

குஞ்சு ஷெட்டுக்குள் போகும்போது சாம்பல் நிற அங்கி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். தலையிலிருந்து முழங்கால் வரை மூடியிருக்கும், கண்ணுக்கு நேரே மட்டும் வலைத்துணி. உள்ளே பேசக்கூடாது, இருமக்கூடாது, செண்ட் அடித்துக்கொண்டு போகக்கூடாது. முட்டையிலிருந்து வந்த ஹுபாராக் குஞ்சுக்கு ஆரம்பத்தில் இடுக்கியால் புழுவை எடுத்து அலகுக்கு நேரே நீட்டுவோம். நீட்டுவது மனிதன் என்று அதற்குத் தெரிந்துவிட்டால் ஆள் பழக்கம் ஆகிவிடும். ஆள் பழகிய பறவை வெளியே போனாலும் பறக்காது, யாரைக் கண்டாலும் தீனி கேட்டுக் கிட்டே வரும். அதை வெளியே விடமாட்டார்கள். ஆயுசு முழுக்கக் கூண்டில் முட்டைக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஹுபாரா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பக்கம் கானமயில் என்பார்களே, அதன் சின்ன உறவு. கோழியைவிடப் பெரிது, மணல் நிறம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்கே படாது. வல்லூறை ஏவி அதைப் பிடிப்பதுதான் இங்குள்ள பெரிய குடும்பங்களின் வேட்டை.

அபுதாபிக்கு மேற்கே, பாலைவனத்துக்குள், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான வேட்டை நிலத்தில் எனக்கு வேலை. அதற்கு முன் மஸ்கட் ரூவியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புச் சூட்டுக்கு இந்த வெயில் தேவலை என்று வந்தவன் நான். பறவைப் பாசமெல்லாம் அப்போது கிடையாது. என்ன வேலை என்று ஊரில் கேட்டால் கோழிப்பண்ணை என்று சொல்லிவிடுவேன். அங்கியைப் போட்டுக்கொண்டு பேய் மாதிரி நின்று குஞ்சுக்கு ஊட்டுகிறேன் என்றால் யார் பெண் கொடுப்பார்கள்?

நிலத்தின் முதலாளியை அர்பாப் என்போம். வயதானவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது குளிர்காலத்தில் ஹுபாராக்கள் தாமாகக் கடல் தாண்டி வந்து இறங்குமாம். ஜீப் வந்தபிறகு இவர்களே துரத்தித் துரத்திப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். அதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார். அதனால்தான் இந்த நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, ஒட்டகங்களை வெளியேற்றி, புதர் முளைக்க விட்டு, வன்னி மாதிரியான காஃப் மரக்கன்றுகளை நட்டுச் சொட்டுநீர் கொடுத்தார். முயல் வந்தது, உடும்பு வந்தது, நரிகூட வந்தது. நரியின் கால்தடத்தைக் காட்டியபோது பேரன் பிறந்த மாதிரி சிரித்தார்.

தெற்குப் பக்கம் வேட்டைக்கு. பண்ணையில் வளர்ந்த ஹுபாராக்களை அங்கே விட்டு, குளிர்காலத்தில் வல்லூறுகளை ஏவுவார்கள். அது எங்களை உறுத்தவில்லை, கறிக்கோழி மாதிரி என்று மனசைத் தேற்றிக்கொண்டோம். வடக்குப் பக்கம் வேறு. அங்கே விட்ட பறவைகள் தாமாகக் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும். "இங்கே ஷிகார் மாஃபி" என்று எல்லோர் முன்னாலும் அர்பாப் சொன்னார். வேட்டை கிடையாது. நாங்கள் அதை நம்பினோம். என் வேலைக்கு ஒரு அர்த்தம் இருந்ததென்றால் அது அந்த வார்த்தையில்தான் இருந்தது.

என்னோடு ஷெட் டியூட்டியில் இருந்தவர் இலங்கை மலையகத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பொறுமைசாலி. ஆனால் ஒரு சீசனில் ஒரு பெட்டைக் குஞ்சைக் கெடுத்துவிட்டார். அது தின்னாமல் சோர்ந்து கிடக்க, இவர் தன்னை மறந்து "தின்னு கண்ணு, தின்னு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு ஊட்ட நம்மாட்களால் முடியாது. குஞ்சு பிழைத்தது. ஆனால் யார் தமிழில் பேசினாலும் கம்பி வலைக்கு ஓடி வந்து நிற்கும். அதன் ஆயுசு கூண்டுக்குள்ளேயே என்று ஆகிவிட்டது. நான் அவரைக் கண்டபடி திட்டினேன். ஒரு உயிரைப் பாழாக்கிவிட்டீர்களே என்றேன்.

போன வசந்தத்தில் வடக்கே ஒரு பெட்டை கூடு வைத்தது. காலில் பச்சை வளையம், நாங்கள் ஊட்டியதுதான். கூடு என்றால் மணலில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். இரண்டு குஞ்சு பொரித்தது. ஒன்றை நரி தூக்கிவிட்டது. மற்றது பிழைத்தது. வளையம் இல்லாத கால், முதுகில் நாங்கள் கட்டிவிடும் டிரான்ஸ்மிட்டர் இல்லை, மனிதக் கையிலிருந்து ஒரு புழுகூடத் தின்னாதது. தூரத்திலிருந்து பைனாகுலரில் அர்பாபுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டார். எனக்கும் அழுகை வந்தது. அத்தனை வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

குளிர் ஆரம்பித்ததும் ஒருநாள் காலையில் வண்டிகள் வந்தன. அர்பாப், அவர் மகன்கள், விருந்தாளிகள், கையுறைமேல் இரண்டு வல்லூறுகள். என்னை முன் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். தெற்கே திருப்பினேன். அர்பாப் வடக்கே கையைக் காட்டினார்.

வண்டியை நிறுத்திவிட்டேன். அங்கே வேட்டை கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அரபும் இந்தியும் கலந்து திக்கித் திணறிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல அதே கலவை மொழியில் சொன்னார்.

"குஞ்சு வர்ற வரைக்கும்தான் மாஃபி. வந்திருச்சு. இது அஸ்லி, அசல் காட்டுப் பறவை, கூண்டுப் பறவை இல்ல. சின்ன வயசுல பார்த்த வேட்டையைச் சாகறதுக்குள்ள ஒரு தடவை பார்க்கணும். இதுக்குத்தானே இத்தனை வருஷம். யல்லா, வண்டியை எடு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர் மனசில் அன்றும் இன்றும் ஒரே கணக்கு. நாங்கள்தான் பாதி வார்த்தையைக் கேட்டுவிட்டு மீதியை நாங்களாகவே போட்டு நிரப்பிக்கொண்டோம். வண்டியை ஓட்டினேன். ஓட்டாவிட்டால் வேறொருவன் ஓட்டியிருப்பான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

அது புதரிலிருந்து கிளம்பியது. பண்ணைப் பறவை தாழப் பறந்து சீக்கிரம் இறங்கிவிடும். இது மேலே மேலே போயிற்று. வல்லூறு நெருங்கியதும் பின்பக்கத்திலிருந்து பசை மாதிரி எச்சத்தை அதன் இறகில் பீய்ச்சியது. இறக்கை ஒட்டிக்கொண்ட வல்லூறு தடுமாறி மணலில் இறங்கிவிட்டது. அந்த வித்தையை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போ, போ என்று வாய்க்குள்ளேயே கத்தினேன். அர்பாப் அழுதுகொண்டே கைதட்டினார். பிறகு மகனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் இரண்டாவது வல்லூறின் முகமூடியைக் கழற்றினான்.

மத்தியானம் எங்கள் ரூமுக்குப் பெரிய தட்டில் சோறு வந்தது, மேலே கறி. வளர்த்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று அர்பாப் சொல்லி அனுப்பியிருந்தார். மரியாதை. எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் அதுவரை கொடுக்காத மரியாதை. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நம்ம மாடசாமிக்குக் கெடா நேந்து விடுவாங்கல்ல," என்றார். "அது யாரு தோட்டத்துல மேஞ்சாலும் ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க. நாம அந்தக் கெடாவத்தான் மேச்சிருக்கோம்."

அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. என் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் பாதி அந்த ருசிக்கு.

அர்பாபுக்கு இப்போது உற்சாகம் தாங்கவில்லை. வடக்கே இன்னும் நிறைய விட வேண்டும், அஸ்லி பறவைகள் பெருக வேண்டும் என்றார். இந்த வசந்தத்தில் இன்குபேட்டரில் முட்டைகள் பொரிந்தன. ஷெட் முழுக்கக் குஞ்சுகள்.

காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். முதல் பெட்டியில் இருந்த குஞ்சுக்கு நேரே இடுக்கியை நீட்டினேன். பிறகு குனிந்து, முகத்துத் துணியைத் தூக்கிவிட்டேன். குஞ்சு பயந்து ஒடுங்கியது.

"தின்னு கண்ணு," என்றேன். "தின்னு."

கதவருகே நின்ற அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. குஞ்சு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. பிறகு கிட்டே வந்து புழுவை வாங்கிக்கொண்டது. இனி அதை யாரும் வேட்டையாட முடியாது. அது பறக்கவும் போவதில்லை.