ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் நாற்காலி

நான் கணக்கு வாத்தியார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் காலையில் கணக்கு, பின்னேரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் டியூஷன். சம்பளமும் டியூஷன் காசும் சேர்ந்து என் வங்கிக் கணக்கில் கொஞ்சம் நடமாட்டம் தெரியத் தொடங்கியிருந்தது. அந்த நடமாட்டத்தை என் மனைவிக்கு முன்பே வங்கி அதிகாரி கவனித்துவிட்டார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்து இரண்டு வருஷமாகியும் பதுளைக் குளிரோடு சமாதானமாகாதவர். கழுத்தில் எப்போதும் மப்ளர் இருக்கும். ஒருநாள் நான் காசு போட்டுவிட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“மாஸ்டர், ஒரு நிமிசம் இருங்கோ. உங்களைப் போல ஆக்களுக்கெண்டே ஒரு சாமான் வந்திருக்கு.”

வழுவழுப்பான ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். அதில் ஒரு விமானத்தின் இறக்கை. அதற்குக் கீழே, அகலமான நாற்காலியில் காலை நீட்டியபடி ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பயணம் செய்பவர்களுக்கான உயர்தரக் கடனட்டையாம். நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் விமான டிக்கெட். விமான நிலையத்தில் தனி ஓய்வறை, அதில் மெத்தை நாற்காலி, வேண்டிய மட்டும் தின்னக் குடிக்க. சூட்கேஸ் தொலைந்தால் நஷ்டஈடு.

“முதல் வருசம் சும்மா. அடுத்த வருசத்திலையிருந்துதான் ஏழாயிரத்து ஐஞ்ஞூறு. பிடிக்கேல்லையெண்டால் அதுக்கு முன்னம் வந்து சொல்லுங்கோ, நிப்பாட்டிவிடுறன்.”

அதுவரை நான் ஏறிய மிக உயரமான வாகனம் ஹப்புத்தளை வழியாகப் போகும் ரயில்தான். தொலைப்பதற்கு என்னிடம் ஒரு சூட்கேஸ்கூடக் கிடையாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை என்றார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எதையும் காலியாக விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்த வியாதி. கொழும்புக்குப் போய் வரிசையில் நின்று ஒரு பாஸ்போர்ட் எடுத்து, நம்பரை அழகாக எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கூத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, புருஷன் வீட்டாருடன் இந்தியாவுக்குப் போனவர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் பெயர் வந்த குடும்பங்கள் பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போன காலம். அன்று பிளாட்பாரத்தில் நின்று கையாட்டியபோது என் மனைவிக்கு வயது பதினான்கு. அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் கடிதங்கள், பின்னால் எப்போதாவது ஒரு போன். இப்போது அக்கா திருச்சிப் பக்கம். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி, ஒரு வருஷம் தள்ளி வரும் தையில் நாள் வைத்திருந்தார்கள்.

“கூடப் பொறப்புன்னு சொல்லிக்க எனக்கு நீ ஒருத்திதான். நீ வந்து பக்கத்துல நின்னா போதும்டி” என்று அக்கா போனில் சொன்னதை மனைவி என்னிடம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணீருக்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். இரண்டு நாள் கழித்துத்தான் வங்கியில் அந்தத் தாள் என் முன்னால் வந்தது. கார்டு கைக்கு வந்த அன்று அதை அவள் முன்னால் வைத்து, “கல்யாணத்துக்கு பிளேன்ல போறோம்” என்றேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத காட்டுனா ஏத்திருவாங்களா?” என்றாள். “கொஞ்சம் புள்ளி சேக்கணும்” என்றேன். எத்தனை என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் என் அப்பா இருந்தார். மனைவியின் உறவுக்காரர்களும் அதே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளில்தான். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்வருவோம். டவுனிலிருந்து வருகிறவரிடம் அடுத்த முறைக்கான சாமான் லிஸ்ட் கொடுத்துவிடுவது எங்கள் லயத்து வழக்கம். வாங்கிக்கொண்டு போகிறவர் மாட்டேன் என்று சொல்வதுமில்லை, கூலி எடுப்பதுமில்லை. முன்பெல்லாம் லிஸ்டோடு யாராவது வருவது தெரிந்தால் நான் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்விடுவேன். கார்டு வந்த பிறகு தலைகீழ். விடியக்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பேர் கூப்பிடும் கங்காணியைப் போல லயத்து முனையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். “ஒங்களுக்கு என்னா வேணும்? சீனி? சவுக்காரம்? கூச்சப்படாம சொல்லுங்க.”

மனைவியின் சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னா சேர், இப்பல்லாம் ரொம்பப் பாசமா இருக்கீங்க? எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களோ?”

சிக்கல் என்னவென்றால், பதுளைக் கடைத்தெருவில் பருப்பும் கருவாடும் விற்கிறவர்கள் யாரும் கார்டு வாங்கமாட்டார்கள். புதிதாக வந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கினார்கள். அங்கே எல்லாம் இரண்டு மூன்று ரூபாய் கூட. ஆனால் கடைத்தெரு விலை லயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அதைத்தான் எண்ணித் தருவார்கள். மீதியை நான் விழுங்கினேன். சித்தி மகள் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுத்தபோது, கார்டு என்றால் நூற்றுக்கு மூன்று ரூபாய் கூட என்றார் கடைக்காரர். அதையும் விழுங்கினேன். சேலைக்கு நன்றி சொன்ன சித்தி, கருவாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

“பொலித்தீன்ல சுத்தி, லேபல் ஒட்டி… வாசமே வரல சேர். இது கருவாடுதானா, இல்ல படமா?”

அப்பா ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேடாக இருந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

“பேரு, நம்பரு… எங்க தாத்தா இந்தியாவுலேருந்து வந்தப்போ அவரு கழுத்துல இப்படித்தான் ஒரு தகர வில்லை கெடந்துச்சாம். தோட்டத்துப் பேரும் நம்பரும் அடிச்சிருக்குமாம். அத காட்டுனா கையில காசில்லாம ரயில்லயும் ஏத்துவாங்க, கப்பல்லயும் ஏத்துவாங்க. வந்து சேர்ந்தப்புறம் பேருல கடனா எழுதிச் சம்பளத்துல கழிப்பாங்களாம்.”

“அதுக்கு வருஷக் கட்டணம் இல்லயேப்பா” என்றேன், பெரிய நகைச்சுவைக்காரன் போல.

“ஏன் இல்ல? மூணு தலமொறையா கட்டினோமே.”

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெற்றிலைக்குக் கையை நீட்டினார். சிரிப்பதற்காகச் சொன்னதா, இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சட்டைப் பையில் ஏதோ கனப்பது போலவே இருந்தது. கணக்குப்படி அதன் எடை ஐந்து கிராம்.

பதினொரு மாதம் ஓடியது. கார்த்திகையில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது: சேர்ந்த புள்ளிகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. டிக்கெட்டுக்குத் தேவை இருபதாயிரம். அடுத்த மாதம் கட்டணம் கழிக்கப்படும். கார்டை நிறுத்தினால் சேர்ந்த புள்ளிகள் அத்தனையும் போகும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மனைவி அக்கா மகளுக்கென்று ஒரு சேலையும் இரண்டு கிலோ நல்ல தேயிலையும் வாங்கி ஏற்கனவே பெட்டியில் வைத்துவிட்டாள்.

நான் செய்யவேண்டிய கணக்கு பத்தாம் வகுப்புக்காரன் வாயால் போட்டுவிடக்கூடியது. ஆனால் நான் போடவில்லை. அதற்குப் பதிலாக டியூஷன் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒருவர் வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு கட்டணம் கட்டுகிறார், முதல் வருஷம் இலவசம், வருஷத்துக்கு இவ்வளவு புள்ளி, டிக்கெட்டின் விலை பதினெட்டாயிரம், அவருக்கு இலாபமா நட்டமா என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“சேர், அவரு வருஷத்துக்கு எத்தன தடவ பிளேன்ல போவாரு?”

“இது வரைக்கும் போனதில்ல.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட.”

வகுப்பு சிரித்தது. “அப்ப அந்த ஆளுக்கு கார்டு எதுக்கு சேர்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அது கேள்வியில இல்ல. கணக்கப் போடுங்க” என்றேன். போட்டார்கள். டிக்கெட் கிடைக்க எட்டரை வருஷத்துக்கு மேல். அதற்குள் கட்டணமே அறுபதாயிரம். “அந்தக் காசுல மூணு டிக்கெட் வாங்கி, மிச்சத்துல எல்லாருக்கும் ஐஸ்கிரீமும் வாங்கலாம் சேர்” என்றாள் அதே பெண். விடை சரி. முழு மார்க் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். ஏதாவது வழி இருக்கும், கேட்டுப் பார்ப்போம் என்று. அவள் ஸ்டேஷனுக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டி வந்தாள்.

வங்கிக்காரர் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். “மாஸ்டர், இந்த வருசத்துக் கட்டணத்தை நான் மேலிடத்திலை கேட்டு அரைவாசியாக்கித் தரலாம். புள்ளியும் தப்பும். யோசிச்சுப் பாருங்கோ, எயர்போட்டிலை அந்த லவுஞ்சுக்கே எவ்வளவு குடுக்கவேணும்.”

மனைவி மேசையில் கிடந்த அந்த வழுவழுப்பான தாளில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். “அந்த ரூம்புல நானும் ஒக்காரலாமுங்களா?”

அவர் மப்ளரைச் சரிசெய்தார். “கார்டு வைச்சிருக்கிறவருக்குத்தான் இலவசம், அம்மா. கூட வாறவைக்குக் காசு கட்டவேணும்.”

“அப்ப இவரு உள்ள ஒக்காந்து கேக் திம்பாரு. நா வெளிய பேக்குக்குக் காவலா?”

வங்கிக்காரர் மப்ளருக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“கார்டு ஒங்ககிட்ட இருக்கு. பாஸ்போட்டும் ஒங்ககிட்ட இருக்கு. அக்கா மட்டுந்தாங்க எங்கிட்ட இருக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவைப் பார்க்கப் போகவேண்டியவளுக்கு நான் ஒரு பாஸ்போர்ட்கூட எடுத்து வைக்கவில்லை. பதினொரு மாதமாக நான் சேர்த்தது அவளுடைய பயணத்துக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது வேறொன்று. சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு முன்னால் நிற்கிறவர் சில்லறை எண்ணும்போது, நான் பர்ஸை விரித்து இரண்டு விரலால் அந்தக் கார்டை உருவும் அந்த ஒரு கணம். காசாளர் பெண் தலை நிமிர்ந்து “சேர்” என்பாள். லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த “சேர்” பாடசாலையில் கிடைக்கும் “சேர்” போல இருக்காது. அதற்கு ஏழாயிரத்து ஐநூறு அதிகமில்லை என்றுகூட ஒரு மனசு சொன்னது. அந்த மனசைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் அந்தக் கட்டணத்தை நான் மட்டும் கட்டவில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த அந்தச் சேலையும் அதில் ஒரு பங்கு கட்டிக்கொண்டிருந்தது.

“நிப்பாட்டிவிடுங்க” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என்னிடமே கொடுத்தார். கார்டை நான் வெட்டியபோது, குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “உண்மையைச் சொன்னால் மாஸ்டர், நானும் இதை எடுக்கேல்லை. வீட்டிலை மனிசி விடேல்லை.”

அந்தக் கட்டணத்துக்கென்று எடுத்துவைத்த காசு அவளுடைய பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் கொழும்புப் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது. இரண்டு மாத டியூஷன் காசு ஒரு டிக்கெட்டுக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. இந்தத் தடவை அந்தக் கணக்கை நானே போட்டு, நானே அவளிடம் சொன்னேன். “தனியா போவியா?” என்று கேட்டேன். “அக்கா மட்டும் என்ன, தெரிஞ்ச ஆளுங்களோடயா கப்பல் ஏறுனா? புதுசா கட்டிப்போன வீட்டுல அவளுக்கும் அப்ப யாரையும் தெரியாது” என்றாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் ஒரு தடுப்புக்கு அப்பால் போகமுடியாது. அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்ப வந்த குடும்பங்களோடு நானும் நின்றேன். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தேயிலைப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, லயத்துக்குள் நடப்பது போலவே நடந்து போனாள்.

மறுநாள் மாலை போன் வந்தது. பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

“அக்கா எயர்போட்டுக்கு வந்திருந்தாங்களா?”

“வந்திருந்தா. என்னயத் தாண்டிப் போயிட்டா. ரெண்டு தடவ. பதினாலு வயசுப் பிள்ளையத் தேடுறா போல.”

“நீ கூப்பிடலயா?”

“பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். அம்மா நடக்குற மாதிரியே நடக்குறா. ஒடனே கூப்பிட மனசு வரல.”