பன்னிரண்டு பேருக்கு ஒரே கடவுச்சொல்

வைஃபை பொருத்தித் தருகிறவனை ஆட்கள் இரண்டு நேரத்தில்தான் நினைப்பார்கள்: தங்களுக்கு நெட் வராதபோது, அல்லது தங்கள் நெட் வேறு யாருக்கோ போகும்போது. கடவுச்சொல் மறந்து ரவுட்டருக்கு முன்னால் கைகட்டி நின்றவர்களுக்கு என் பாடு விளங்கும்.

யார் அந்த ஒன்பது பேர்?

வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் தனியே இருக்கிறார், ஓய்வுபெற்ற ராஜேஸ்வரி டீச்சர். நெட் ஊருகிறது என்று கூப்பிட்டார். அவரிடம் இருப்பது ஒரு ஃபோனும் டிவியும், இணைந்திருந்ததோ பதினொன்று. "மறந்துபோகும் எண்டு நெட் போட வந்தவரிட்ட, கடவுச்சொல்லே இல்லாமல் விடச் சொன்னது நான்தான்" என்றார். புதிதாக ஒன்று போட்டேன்.

பத்து நிமிஷத்தில் மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தை. "கேக்காமப் பாவிச்சிட்டன் டீச்சர். நாலு மணிக்கு இவர் கட்டாரில இருந்து வீடியோவில வருவார், பிள்ளையப் பாக்க..." டீச்சர் அவளை உள்ளே இருத்தினார். விருந்தினருக்கென்று தனி வைஃபையும் தனிக் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்தேன். அதில் வருகிறவர்கள் டீச்சருடைய ஃபோனையோ டிவியையோ தொட முடியாது. வாசலில் டீச்சர் சொன்னார்: "நான் ஆளை மறிக்கச் சொல்லேல்லைத் தம்பி, ஆரெண்டு எனக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்."

மறைத்த பெயர்

மாளிகாவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நவாஸ் நானா, வைஃபையின் பெயர் யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். கடவுச்சொல்லோ ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக எண்கள். பெயரை மறைத்தால், அதைத் தேடி அவருடைய ஃபோன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிடும் என்று விளக்கினேன். கையிலிருந்த ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அப்ப நான் ஒளிச்சத என்ட ஃபோனே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா?"

செல்வியின் கணக்கு

கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரி. மாதிரிப் பரீட்சைத் தாள் முதல்நாளே வெளியே போய்விட்டது. ஹட்டனிலிருந்து வந்து அங்கே டைப் செய்யும் செல்விமேல் பழி; தாளை அடித்தது அவள். ஒரு கிழமையாக வேலைக்கு வரவேண்டாம் என்றிருந்தார்கள். யார் அனுப்பியது என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார் முதலாளி.

அங்கே வேலைசெய்யும் பன்னிரண்டு பேருக்கும் வைஃபைக்கு ஒரே கடவுச்சொல். விலகிப்போன இரண்டு பேரிடமும் அதுதான் இருந்தது. "இதை வைச்சு ஒருத்தரையும் பிடிக்கேலாது சேர். அந்தப் பிள்ளையையும் குற்றம் சொல்லேலாது" என்றேன். முதலாளி எனக்கு முன்னாலேயே செல்விக்கு ஃபோன் எடுத்து, பிழை தன்னுடையது என்று சொல்லி, நாளைக்கு வரச் சொன்னார்.

அனுப்பியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்தநாள் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று மாற்றினேன். யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்பது இனிப் பதிவாகும். செல்வி தன்னுடையதை இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாம் தரம் சரியாக அடித்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, இனி நான் செய்யாதத நான் செய்யலன்னு காட்டலாம்தானே?"

இவ்வளவும் சொல்கிற என் வீட்டு ரவுட்டரில் இன்னும், பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் அடித்து வந்த அதே கடவுச்சொல்தான் இருக்கிறது.