டப்பாவில் இருந்தது யார் சளி?

ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆண்டிபட்டிச் சாலையில் ஒரு கிராமத்தில் பார்த்தது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உங்களிடம் கொட்டிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்னவோ!

என் சிநேகிதர் ஒருவர் தேனியில் டாக்டராக இருக்கிறார். க்ஷயரோகம் நன்றாக முற்றிய பிறகுதான் ஜனங்கள் தன்னிடம் வருகிறார்கள் என்று ஓயாமல் புலம்புவார். போன மாதம் ஒரு நாள், "அவங்க வர்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நாமே வீடு வீடாப் போய்ச் சளியை வாங்கிப் பரீட்சை பண்ணினா என்ன?" என்றார். டாக்டரைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள்கூட பத்திரிகைக்காரனிடம் பேச்சுக் கொடுப்பார்கள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் கரி பஸ்ஸில் கிளம்பினோம். இந்த யுத்தத்தில் பெட்ரோல் ஏது? மேட்டைக் கண்டால் பஸ்ஸுக்கே மூச்சு இரைக்கிறது...

ஊருக்குள் நுழைந்ததுமே பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. சாத்தாமல் என்ன செய்வார்கள்? க்ஷயம் என்ற பெயர் ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டால், அந்த வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான்? அங்கே ஒரு வாய் தண்ணீர் யார் குடிப்பார்கள்?

திறந்திருந்த வீடுகளில் இருமுகிறவர்களுக்கு மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தோம். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறித் துப்பி மூடி வைக்க வேண்டும். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வோம்.

சுருளி என்பவருக்கும் ஒரு டப்பா. தேனியில் ஒரு ஜின்னிங் மில்லில் பஞ்சு அள்ளிப் போடுகிறவர். ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து மறித்தது. அவர் மனைவி ராமாயி, இடுப்பில் கைக்குழந்தையோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரய்யா, இவுகளுக்கு அந்த நோவு இருந்தா மில்லுல சொல்லிருவீகளா?"

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?"

"நீங்க சொல்ல வேணாம், ஊரு சொல்லும். இருமுற ஆளு உள்ள வரக்கூடாதுன்னு மேஸ்திரி முன்னாடியே சொல்லிட்டாக."

டாக்டர் ஏதோ சமாதானம் சொன்னார். மறுநாள் காலையில் ராமாயியே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பரவாயில்லை, புரிந்துகொண்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

சில நாள் கழித்து டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. மற்ற எல்லா டப்பாக்களிலும் ஒன்றுமில்லையாம். சுருளியின் டப்பாவில் மட்டும் கிருமி.

மறுபடியும் கரி பஸ். சுருளியைத் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொன்னார் டாக்டர். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ராமாயி வெளியே வந்தாள். "அவுகளுக்கா? இருக்காதுய்யா. இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்மா."

"இருக்க முடியாதுய்யா. அது அவுக துப்புனது இல்ல. நான் துப்புனது... மில்லு வேல போயிருமேன்னுதான். எனக்குத்தான் ஒண்ணுமில்லையே..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் உறைத்தது போலும். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"இவள வாங்குங்க."

சுருளி வாங்கிக்கொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஏ புள்ள, நீ இத பண்ணாட்டி உனக்கு இருக்கிறது தெரியாமலே போயிருக்கும்ல?" என்றார்.

ராமாயி டாக்டரைப் பார்த்தாள். "மருந்து இருக்கா?"

வாசகர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. க்ஷயத்துக்கு இன்னும் மருந்து ஏது? ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை — டாக்டர் அடுக்கினார். சானடோரியத்துக்கு எழுதிப் போடுகிறேன், இடம் கிடைக்க நாளாகும் என்றார். மில் கூலியில் பாலும் முட்டையுமா? கதவைத் தட்டி நோயைச் சொல்லத் தெரிந்த எங்கள் கையில் வேறு என்ன இருந்தது?

ஆனாலும் சுருளி அசரவில்லை. தோட்டத்து ஓரத்தில் காற்று வரும் பக்கமாக ஒரு குடிசை போட்டுக் கட்டிலை அங்கே கொண்டுபோனார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள தேவதானப்பட்டியிலிருந்து அவர் தங்கை வந்துவிட்டாள். டாக்டர் எதிரில் நின்று இருமித் துப்பிய அவருடைய சளியில் கிருமி இல்லை. பஞ்சுத் தூசியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். போன வாரம் பார்த்தபோது ராமாயிக்கு இடையில் வர ஆரம்பித்திருந்த காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. குழந்தையைத் தூரத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள். அது கையை நீட்டி அழுகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் டாக்டரைக் கேட்டேன்: "கெட்ட சேதி வந்ததாலே ராமாயி உண்மையைச் சொன்னா. நல்ல சேதி வந்த வீட்டிலெல்லாம் துப்பினது யாரு?"

'ஒன்றுமில்லை' என்று கேட்டுக் கும்பிட்டு அனுப்பியவர்களில் யார் பின்னாலேயே ஓடிவந்து, 'ஐயா, அது என் சளி இல்லை' என்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்நேரம் பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருக்கிறார்களோ...

தேனி வந்து இறங்கும்போது டாக்டர் சொன்னார்: "முதல் வீட்டிலேருந்து மறுபடி ஆரம்பிக்கணும். இந்தத் தடவை எதிரிலேயே துப்பச் சொல்லணும்."

ஆரம்பிக்கத்தான் போகிறோம். ஆனால் ஊருக்குப் போவதற்கு முன்னால், இருமுகிறவனை உள்ளே விடாத அந்த மில் மேஸ்திரியைப் பார்க்கப் போகிறோம்!